ஐந்து வரிச் செய்தியும் அரிசியளவு தோலும்

அன்று காலை ஆறேமுக்கால் மணி. மடுகரை எல்லையில் இருந்த கரும்பாலைக் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு முழங்கை. கொட்டகை முழுவதும் ஆவி. அந்த முழங்கைக்கு உரியவரின் முகம் தெரியவில்லை. அடுப்பு வெளிச்சம் கைமேல் மட்டும் விழுந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த ஒரு படை; அதன் ஓரம் பென்சிலால் கோடு இழுத்ததுபோல் இருந்தது. படையின்மேல் வெள்ளி நிறச் செதில்கள், பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோல, அடுக்கடுக்காக எழும்பி நின்றன.

புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம் அது. இரண்டாம் உலகப்போர் தொடங்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. மாசி மாதம், வெல்லம் காய்ச்சும் பருவம். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. புதுச்சேரிப் பட்டணத்தில் அச்சான ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு, கொம்யூன் என்று பிரெஞ்சுக்காரர்கள் வகுத்த ஊர்வட்டங்களின் செய்திகளை நான் எழுதிவந்தேன். வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் என்று சைக்கிளில் சுற்றுவேன். ஏரி மதகு திறப்பு, மாட்டு நோய், மேரி என்று எல்லோரும் சொல்லும் கொம்யூன் அலுவலகத்தில் நடக்கிற சண்டைகள், இவைதான் என் செய்திகள். ஏழு வருடத்தில் நான் எழுதியது தவறு என்று ஒருவரும் அலுவலகப் படி ஏறியதில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த ஆலைக்கு நான் போனது கரும்பு விளைச்சல் பற்றி எழுதத்தான். வெளியே மாடுகள் செக்கைச் சுற்றிவந்தன. உள்ளே பெரிய இரும்புக் கொப்பரையில் கரும்புச்சாறு கொதித்தது. அதைக் காய்ச்சுகிறவரின் முழங்கைதான் நான் பார்த்தது. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரைக் கொப்பரைக்காரர் என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். கொப்பரைக்காரரின் வேலை பார்வைக்கு எளிது. நுரை அடங்கி, பாகு கனத்து, குமிழிகள் தொப் தொப்பென்று உடையும் நேரம் வரும். அந்த நேரத்தில் கொப்பரையை இறக்கச் சொல்ல வேண்டும். சற்று முந்தினால் வெல்லம் கட்டாது. சற்றுப் பிந்தினால் கருகும். அன்று அவர் குனிந்து, கொதிக்கிற பாகுக்குள் மூன்று விரல்களை விட்டு எடுத்தார். விரலோடு வந்த பாகைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

என் கைதான் தன்னால் பின்னுக்குப் போனது. அடுப்புக்குள் கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்த ஆளிடம், சுடாதா என்று கேட்டேன்.

"அவுரு கைக்குச் சூடா? அது செத்துப்போயி இருவது வருசம் ஆவுது முசே. பொண்டாட்டி கிள்ளினாக்கூட அவுருக்குத் தெரியாது" என்றார் அந்த ஆள். சட்டை போட்ட பட்டணத்துக்காரர் எவரும் அங்கே 'முசே'தான். மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். கொப்பரைக்காரரும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. முந்தின வருடம் பட்டணத்தில் பெருநோய், அதாவது குஷ்டம் பற்றி ஒரு மருத்துவர் சொற்பொழிவு ஆற்றினார். அதைப் பத்திரிகைக்கு எழுதியவன் நான். தோலில் படை விழும், அங்கே உணர்ச்சி செத்துப்போகும், சுட்டாலும் தெரியாது என்று அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். இங்கே படையும் இருந்தது, சுட்டால் தெரியாத கையும் இருந்தது. முழங்கால் இரண்டிலும் அதே படையைப் பார்த்தேன். தலைத்துண்டுக்குக் கீழே நெற்றியோரத்திலும் பார்த்தேன். குறிப்பேட்டில் ஒவ்வொன்றையும் அளவோடு எழுதினேன். ஊரார் வாயில் போகும் வெல்லத்தை உருட்டுகிற கை இது என்பதையும் எழுதினேன். அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை வெளிவந்த செய்தி ஐந்து வரி. மடுகரையை அடுத்த ஆலை ஒன்றில் வெல்லம் காய்ச்சும் ஒருவருக்குப் பெருநோய்க் குறிகள் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றன; அவர் கையால் உருட்டிய வெல்லம் சந்தைக்குப் போகிறது; அதிகாரிகள் கவனிப்பார்களா? பெயர் போடவில்லை. பெயர் போடாததை ஒரு பண்பாகவே நினைத்துக்கொண்டேன். மடுகரைப் பக்கம் அந்த மாதம் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஓர் ஆலைதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, அதிகாரிகள் கவனித்தார்களா என்று பார்த்துத் தொடர் செய்தி எழுத மறுபடியும் போனேன். ஆலை கண்ணில் படுமுன்பே கருகல் நாற்றம் அடித்தது. கொப்பரை முன்னால் வேறோர் ஆள் நின்றிருந்தார். எல்லைக்கு அந்தப்புறம், இங்கிலீஷ்காரர் பகுதியிலிருந்து அவசரத்துக்குக் கூட்டிவந்த ஆள். வாலிப வயது. கையிலும் காலிலும் ஒரு தழும்புகூட இல்லை. கொட்டகைக்கு வெளியே வெட்டிப்போட்ட கரும்பு மலைபோல் கிடந்து காய்ந்துகொண்டிருந்தது. வெட்டிய கரும்பு காத்திருக்காது. இரண்டு நாள் தாண்டினால் சாறு புளித்துவிடும்.

இந்த முறை கரும்பு சுமப்பவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, கொப்பரையின் மறுபக்கம் போய் நின்றேன். அங்கே கொப்பரையை ஒட்டி ஒரு மண்சட்டியில் குளிர்ந்த தண்ணீர் இருந்தது. புது ஆள் விரல்களை அந்தத் தண்ணீரில் முக்கினார். எடுத்த கையோடு பாகுக்குள் விட்டார். வெளியே எடுத்ததும் திரும்பத் தண்ணீரில் முக்கினார். தண்ணீர், பாகு, தண்ணீர். மூன்று விரல்கள், ஒரு மூச்சு நேரம். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

ஈர விரலில் பாகு ஒரு கணம் ஒட்டாது, சுடாது. வெல்லம் காய்ச்சும் எவரும் இப்படித்தான் பதம் பார்ப்பார்களாம். போன வாரம் நான் நின்ற இடத்திலிருந்து அந்தச் சட்டி தெரியவில்லை. கொப்பரைக்காரரின் உடம்பு அதை மறைத்திருந்தது. மூன்று அசைவில் நடுவில் உள்ளதை மட்டும் பார்த்துவிட்டு, ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதியிருந்தேன்.

கரும்புத் தோகையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். கொப்பரைக்காரரின் மனைவி.

"நீங்கதான் பேப்பருக்காரரா?"

"ஆமாம்."

"இன்னா எழுதினீங்கன்னு படிச்சிக் காட்டுங்க. ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

பத்திரிகை என் பையில் இருந்தது. நான் எழுதியதை நானே உரக்கப் படித்தேன். செக்கு நின்றிருந்தது. எல்லோரும் கேட்டார்கள்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா அந்த மேரி ஆளு சட்டையெல்லாம் போட்டுகினு வூடு தேடி வந்தான்?" என்றார். பிறகு, "மதகடிப்பட்டு பாயி பத்துக் கூடை வெல்லத்தத் திருப்பி அனுப்பிட்டாரு. ஆலைக்காரரு அவுர கொப்பரைகிட்ட வராதன்னுட்டாரு. பதினாலு வருசமா அவுரு தலைக்கு எண்ணெ தேச்சி வுடறவ நானு. எனக்கு வந்துச்சா? வாங்க வூட்டுக்கு. வந்து கிட்டப் பாருங்க."

கொப்பரைக்காரர் வீட்டின் பின்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மாட்டுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் வாயில் விரல் வைத்து என்னை நிற்கச் சொன்னார். கையில் இருந்த கரும்புத் தோகையின் நுனியால் கணவரின் முழங்கைப் படையை மெல்லத் தொட்டார். அவர் சட்டென்று ஈயை அடிப்பதுபோல் அங்கே தட்டினார். அந்த அம்மாள் இன்னொரு முறை தொட்டார். "போடி, வேலையப் பாரு" என்று திரும்பியவர் என்னைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே வைத்தார்.

எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"பாஞ்சு வருசம் இருக்கும். பனியில ஏறும், வெயில்ல எறங்கும். அடுப்பண்ட நின்னா அரிப்பு தாங்காது."

மேரியிலிருந்து வந்த தாளை எடுத்து நீட்டினார். பிரெஞ்சில் இருந்தது; அந்தத் தெருவில் யாரும் அதைப் படித்திருக்கவில்லை. நான் படித்துச் சொன்னேன். வரும் திங்கட்கிழமை பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஆஜராக வேண்டும். பெருநோய் என்று உறுதியானால், வீடு திரும்பாமல் அங்கிருந்தே நோயாளர் விடுதிக்குப் போக வேண்டும். அந்த விடுதிக்குப் போனவர்கள் திரும்பிவந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. தாளின் முதல் வரியில் இந்த நடவடிக்கைக்குக் காரணம் எழுதியிருந்தது. என் பத்திரிகையின் பெயரும் தேதியும்தான் காரணம். வேறெதுவும் இல்லை.

கொப்பரைக்காரர் கோபப்படவில்லை. "திங்கக்கெழம நீங்களும் வருவீங்களா? நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார்.

"வருகிறேன்" என்றேன்.

திங்கட்கிழமை அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு பட்டணம் வந்தபோது நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். தோல் நோய் பார்த்த டாக்டர் தமிழர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். மேரித் தாளைப் படித்தார். "இந்த அஞ்சு வரி எழுதினது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "நல்லதாப் போச்சு, முசே. வெளக்கப் பிடிங்க" என்றார்.

முதலில் குண்டூசியால் விரல் நுனிகளைக் குத்தினார். மூன்று விரல்களில் கொப்பரைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டரின் கை நின்றது. நான் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

"அது காய்ப்புங்க. இருவது வருசம் பாகுல வுட்டு எடுத்த வெரலு" என்றார் மனைவி.

டாக்டர் விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முழங்கைப் படைமேல் ஊசியை வைத்தார். கொப்பரைக்காரர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கொதிக்கிற பாகுக்கு முகம் சுளிக்காதவர், குண்டூசிக்குப் பல்லைக் கடித்தார்.

முழங்கையில் பெருநோயின் அடையாளம் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் வேட்டியை விலக்கித் தொடையைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அங்கே ஒரு படை மற்றவற்றைப் போலத் தட்டையாக இல்லாமல் தடித்து மேடாகியிருந்தது. அதை இரண்டு விரல்களுக்கு இடையே பிடித்துப் பார்த்தார். "இது எப்ப இருந்துப்பா?" "தையில இருந்து." "ம்" என்றார்.

என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "வெளியே பார்த்து, இது இல்லைன்னு மேரிக்கு நான் எழுத முடியாது. வெளியே பார்த்துத்தான நீங்களும் எழுதினீங்க. தோலை எடுத்து உள்ளே பார்க்கணும்."

மரத்துப்போக மருந்து ஏற்றி, முழங்கையில் ஒன்றும் தொடையில் ஒன்றுமாக, அரிசியளவு இரண்டு துண்டுத் தோலை எடுத்தார். அவற்றைத் தனித்தனிப் புட்டியில் போட்டு எழுதி ஒட்டினார். துண்டை இறுக வைத்து, மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்ற வேண்டும். பத்து நாள் ஆகும் என்றார். அதுவரை கொப்பரையைத் தொடக் கூடாது, ஊரை விட்டுப் போகவும் கூடாது.

அந்தப் பத்து நாளில் நான் செய்தது ஒன்றுதான். மதகடிப்பட்டுக்குப் போய், வெல்லத்தைத் திருப்பி அனுப்பிய வியாபாரியைப் பார்த்தேன். பாய் கடையில் உட்கார்ந்து என் பத்திரிகையைத்தான் படித்துக்கொண்டிருந்தார். நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், முடிவு வரும்வரை அந்த ஆலை வெல்லத்தை ஒதுக்க வேண்டாம் என்று கேட்டேன்.

"தம்பி, நீங்க பேப்பர்ல போட்டதை நான் நம்பினேன். இப்ப வாயால சொல்றீங்க. இதை நம்பினா, நாளைக்கு உங்க பேப்பரை எப்படி நம்புறது?" என்றார். "நான் நம்பினாலும் என்கிட்ட வாங்குறவன் நம்பணும்ல? பேப்பர்லயே போடுங்க. அப்புறம் பார்க்கலாம்." சொல்லிவிட்டு எனக்கு டீ வரவழைத்தார்.

பதினோராம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு டாக்டரின் அறைக்குப் போனேன். கொப்பரைக்காரரும் மனைவியும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு துணிமூட்டை பக்கத்தில் இருந்தது. விடுதிக்கு அனுப்பிவிட்டால் வேண்டும் என்று மாற்றுத் துணி கொண்டுவந்திருந்தார்கள்.

நுண்ணோக்கி ஜன்னலோரம் இருந்தது. கீழே ஒரு சின்னக் கண்ணாடி வெயிலைப் பிடித்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. டாக்டர் முதலில் சொன்னது நல்ல செய்தி. பெருநோய்க் கிருமிக்கென்று தனிச் சாயம் இருக்கிறது, இரண்டு துண்டிலும் ஏற்றித் தேடிவிட்டார், ஒன்றும் இல்லை. கிருமி கண்ணுக்கு அகப்படாத வகைப் பெருநோயும் உண்டு. அதில் நரம்பைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்து அதைத் தின்றிருக்கும். இங்கே நரம்பு இழைகள் முழுசாக இருக்கின்றன. பெருநோய் இல்லை.

நான் எழுந்துவிட்டேன். வெளியே போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"உட்காருங்க. ரெண்டாவது துண்டை இன்னும் முழுசாப் பார்க்கல" என்றார்.

முழங்கைத் துண்டை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு பட்டை. தோலின் மேலடுக்கு தடித்து, ஆலம் விழுதுகள்போல் கீழே இறங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, உதிரப்போகும் செதிலுக்குள், கடுகுப்பொடி தூவியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிக் கூட்டங்கள் தெரிந்தன. அது என்ன என்று கேட்டேன். சீழ் என்றார். கொப்புளம் என்று கண்ணுக்குத் தெரிவதற்குப் பல மடங்கு சிறிய சீழ்க்கட்டி. கிருமி புகுந்து வந்ததில்லை. தோலே தன் கோளாறால் அழைத்துக்கொண்டது. செதில் படை என்கிற நோயின் கையெழுத்து இது. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாத நோய். ஒட்டாது. முழுசாகத் தீரவும் தீராது.

பிறகு தொடைத் துண்டை வைத்தார். அதிலும் கூட்டங்கள் இருந்தன. ஆனால் மேலே செதிலில் மட்டும் இல்லை. சற்று ஆழத்தில், உயிருள்ள தோலுக்குள்ளும் இருந்தன. டாக்டர் குரலைத் தாழ்த்தினார். தோலில் வருகிற ஒருவகைப் புற்றும் உண்டு. வெகு நாள் சாதாரணப் படைபோலவே நடமாடும். பிறகு தடிக்கும், கட்டியாகும், ஆளைக் கொண்டுபோகும். அதிலும் தோலுக்குள் இப்படித்தான் குட்டிக் குட்டிக் கூட்டங்கள் தெரியும். பார்த்த மாத்திரத்தில் அதையும் நுண்சீழ் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அதில் இருப்பது சீழ் இல்லை, புற்றணுக்கள். கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கூட்டத்தில் இருப்பது யார் என்று பார்க்க வேண்டும்.

வேறு வில்லையைத் திருப்பி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தார். குனிந்தார். சுவரில் கடிகாரம் இருந்தது. ஏழு நிமிடம் அவர் நிமிரவில்லை. ஜன்னல் வழியாக வேப்பமரத்தடி தெரிந்தது. அந்த அம்மாள் மூட்டையை அவிழ்த்து, எதையோ சரிபார்த்து, மறுபடி முடிந்தார்.

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "இப்ப நீங்க பாருங்க. பேரு எதுவும் வைக்காதீங்க. இன்னா தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்க."

பார்த்தேன். கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு அணுவும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலமாக ஒரு கரு. அது ஒரே உருண்டையாக இல்லை, மூன்றாகவோ நான்காகவோ பிரிந்து, கோத்த மணிகள்போல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன்.

"எத்தனை அணுவில அப்படி இருக்கு? எண்ணுங்க."

எண்ணினேன். ஒரு கூட்டத்தில் பத்தொன்பது. பதினெட்டில் கரு பிரிந்திருந்தது. ஒன்று மங்கல், சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லை என்றே சொன்னேன். தகட்டை நகர்த்தினார். அடுத்த கூட்டம். பன்னிரண்டு. பன்னிரண்டும் பிரிந்தவை. இன்னும் நான்கு கூட்டங்கள் எண்ணவைத்தார். பெரிய ஒற்றைக் கரு, மூளைபோல் மடிப்பு விழுந்து, கறுத்து, எங்காவது தெரிகிறதா என்று இரண்டு முறை கேட்டார். எங்கும் தெரியவில்லை.

"எனக்கும் தெரியல" என்றார். "மடிஞ்ச ஒற்றைக் கருவா இருந்தா புற்று. நீங்க பார்த்தது எல்லாம் சீழ் அணு. மேலே இருக்கறதும் உள்ளே இருக்கறதும் ஒரே நோய்தான். தொடையில கொஞ்சம் கோபமா இருக்கு, அவ்வளவுதான். அவரைக் கூப்பிடுங்க."

என்னை எண்ணவைக்க அவருக்குத் தேவை எதுவும் இல்லை. அவர் முன்பே எண்ணி முடித்திருந்தார்; தாளில் எண்கள் குறித்திருந்ததை மேசைமேல் பார்த்தேன்.

கொப்பரைக்காரர் உள்ளே வந்து நின்றார். டாக்டர் நேரடியாகச் சொன்னார்: குஷ்டம் இல்லை, புற்று இல்லை, யாருக்கும் ஒட்டாது, தாரும் களிம்பும் கலந்து தருவதைத் தடவ வேண்டும், குறையும், மறுபடி வரும்.

"கொப்பரையத் தொடலாமா?"

"இன்னைக்கே தொடலாம்பா."

அவர் தலையை ஆட்டினார். மனைவி என்னைப் பார்த்து, "உள்ள போயி நீங்களும் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "இன்னா இருந்துச்சி?" என்றார். சீழ் என்றேன். "சீயா? அவுருக்குப் புண்ணே இல்லியே" என்றார். கண்ணுக்குத் தெரியாத அளவு என்றேன். சிறிது யோசித்துவிட்டு, "தெரியாததக்கூடப் பாக்கலாம்னா, அந்தச் சட்டித் தண்ணி மட்டும் எப்பிடித் தெரியாமப் போச்சி?" என்றார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கொப்பரைக்காரரும் சிரித்தார்.

அன்றைக்கே டாக்டர் எழுதித் தந்த சான்றிதழை மேரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளில் முத்திரை விழும்வரை நகரவில்லை. பிறகு பத்திரிகை அலுவலகம். திருத்தத்தைக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியாகப் போடலாம் என்றார் ஆசிரியர். பத்திரிகையின் மதிப்பு என்று ஒன்று இருக்கிறதே என்றார். முதல் செய்தி வந்த பக்கத்தில், அதே இடத்தில் வராவிட்டால் இனி நான் எழுதப்போவதில்லை என்றேன். மிரட்டலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடு என்றார்.

பதினோரு வரி எழுதினேன். தண்ணீர்ச் சட்டியை நான் பார்க்கத் தவறியதை முதலில் எழுதினேன். அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் அப்படித்தான் பதம் பார்க்கிறார்கள் என்று எழுதினேன். தோலுக்குள் பார்த்ததை எழுதினேன். ஒட்டும் நோய் இல்லை என்ற டாக்டரின் சான்றை அப்படியே கொடுத்தேன். தவறு இந்தச் செய்தியாளனுடையது என்று முடித்தேன். ஒரு சொல்லையும் ஆசிரியர் மாற்றவில்லை.

மதகடிப்பட்டுப் பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பத்திரிகை வந்த மறுநாளே மடுகரைக்கு வண்டி அனுப்பினார். ஆனால் கையால் உருட்டிய வெல்லம் வேண்டாம், அச்சில் ஊற்றியதாகக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அச்சுக்கு எந்தக் கையும் தேவையில்லை. ஆலைக்காரர் அச்சுப் பலகை வாங்கினார். கொப்பரைக்காரர் கொப்பரைக்குத் திரும்பிப் பருவத்தின் மீதிக் கரும்பைக் காய்ச்சி முடித்தார். ஒரு கொப்பரைகூடக் கருகவில்லை என்று அடுப்பில் சக்கை தள்ளுகிற ஆள் எனக்குச் சொன்னார். இந்த முறை அவர் வேடிக்கையாக எதுவும் சேர்க்கவில்லை.

அதன் பிறகும் பல வருடம் செய்தி எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் கண்டதை எழுதுவேன். வலப்பக்கத்தை அதற்குரிய பெயருக்காக வெறுமையாக விடுவேன். சில செய்திகளில் வலப்பக்கம் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது. அந்தச் செய்திகளையும் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்றையும் திரும்பப் பெற வேண்டி வந்ததில்லை. ஆறு கூட்டங்களை எண்ணி முடித்த அந்தக் காலையில் கற்றது இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது.

அடுத்த மாசியில் மடுகரை ஆலைக்குப் போனேன். கொப்பரை முன்னால் வேறொருவர் நின்றிருந்தார். ஊர் என் பதினோரு வரியைவிட ஐந்து வரியைத்தான் நினைவில் வைத்திருந்தது; பழைய கொப்பரைக்காரரும் மனைவியும் எல்லையைத் தாண்டி, இங்கிலீஷ்காரர் பகுதியில் ஓர் ஆலையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பத்திரிகை அந்தப் பக்கம் விற்பதில்லை.